நாக்சோஸிலிருந்து பிற்பகல் கப்பல்: கூட்டமில்லாத கிரேக்கத் தீவுகளுக்குப் போவது எப்படி

கேள்வி இதுதான்: சாண்டோரினி, மைக்கோனோஸ் நெரிசல் வேண்டாம். கையில் பத்து நாள் இருக்கிறது. இன்னும் கெட்டுப்போகாத சின்னக் கிரேக்கத் தீவுகளில் எதற்குப் போகலாம், எப்படிப் போவது, எங்கே மாட்டிக்கொள்வோம்?

பலரும் தீவின் படத்தைப் பார்த்து மயங்கி, மூன்று மூலையில் இருக்கும் மூன்று தீவுகளைப் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் பார்த்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கப்பலே இருக்காது. பத்து நாளில் நான்கு நாள் துறைமுகத்தில் கழியும். எனவே முதலில் கப்பல் தடத்தை முடிவு செய்யுங்கள். அந்தத் தடத்தில் வரும் தீவுகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தீவுகள் கெடாமல் இருப்பதற்குக் காரணமே போக்குவரத்துதான். விமான நிலையம் கிடையாது, பெரிய உல்லாசக் கப்பல் அணையும் துறை கிடையாது. லாபம் வராத இந்த வழிகளில் அரசு மானியம் கொடுத்துக் கப்பல் ஓட்ட வைக்கிறது. கிரேக்கர்கள் அவற்றை ‘ஆகோனி கிராம்மி’ என்பார்கள், மலட்டுத் தடம் என்று பொருள். ஒப்பிட வேண்டுமானால், 2025 ஜூலை முதல் சாண்டோரினியிலும் மைக்கோனோஸிலும் உல்லாசக் கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொருவருக்கும் கோடை உச்சத்தில் 20 யூரோ கட்டணம் வைத்திருக்கிறார்கள். கூட்டத்தைக் கட்டணம் போட்டுக் கட்டுப்படுத்தும் நிலை அங்கே. நாம் பேசும் தீவுகளில் அந்தக் கப்பல் வந்து நிற்கவே இடமில்லை.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது, ஏகியன் கடலின் நடுவிலுள்ள சைக்கிளடீஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த சிறு சைக்கிளடீஸ் தீவுகள். பெரிய தீவுகளான நாக்சோஸுக்கும் அமோர்கோஸுக்கும் நடுவே இராக்லியா, ஸ்கினூசா, கூஃபோனிசி மூன்றும் அருகருகே இருக்கின்றன. தொனூசா மட்டும் நாக்சோஸுக்குக் கிழக்கே தள்ளி நிற்கிறது. எல்லாமே குட்டித் தீவுகள். இராக்லியா சுமார் 18 சதுர கிலோமீட்டர், தொனூசா 13 சொச்சம், ஸ்கினூசா 8, மக்கள் வாழும் மேல் கூஃபோனிசி 6-க்கும் குறைவு. கார் எடுத்துப் போகாதீர்கள். இறக்கினால் ஓட்டுவதற்குச் சாலை அதிகம் இல்லை.

போகும் வழி இரண்டு. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து ப்ளூ ஸ்டார் நிறுவனத்தின் கப்பல் வாரத்தில் சில நாட்கள் நேராக இந்தத் தீவுகளுக்கு வருகிறது. நாள் பொருந்தினால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள். பொருந்தாவிட்டால் பிரேயஸிலிருந்து நாக்சோஸ் வரை ஐந்து, ஐந்தரை மணி நேரம் பெரிய கப்பலில் போய், அங்கே ‘எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலிடிஸ்’ என்ற சின்னக் கப்பலுக்கு மாற வேண்டும். இந்தத் தீவுகளின் பேருந்து அதுதான் என்று சொல்லலாம். இரவில் அமோர்கோஸின் கட்டபோலா துறையில் தங்கும், காலையில் கிளம்பி ஒவ்வொரு தீவாகத் தொட்டு நாக்சோஸ் வரும், பிற்பகலில் அதே வழியே திரும்பும். பெயரில்தான் எக்ஸ்பிரஸ். மெதுவாகத்தான் போகும்.

அதில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கோடை உச்சம் தவிர மற்ற நாட்களில் ஞாயிறு பெரும்பாலும் ஓடாது. தொனூசாவுக்கு வாரத்தில் சில நாட்கள்தான் போகும். ‘தினமும் கப்பல் உண்டு’ என்று எங்கோ படித்துவிட்டுத் தொனூசாவுக்கு அறை போட்டு, இறங்கும் நாளில் கப்பல் இல்லாமல் நாக்சோஸில் தங்கியவர்கள் நிறைய. அறை போடுவதற்கு முன் கால அட்டவணையில் அந்தத் தேதியைப் பாருங்கள், கிழமையை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். இன்னொன்று: ஜனவரியில் உட்கார்ந்து ஜூன் மாதக் கப்பலைத் தேடினால் எதுவும் காட்டாது. மானியத் தடங்களின் கோடை அட்டவணை தாமதமாகத்தான் வெளியாகும், பல நேரம் வசந்த காலத்தில். சேவை நின்றுவிட்டதோ என்று பதறித் திட்டத்தை மாற்ற வேண்டாம். பிரேயஸ்–நாக்சோஸ் டிக்கெட்டை முதலில் வாங்குங்கள், சின்னக் கப்பலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெயர்க் குழப்பத்தில் பணம் விடுகிறவர்களும் உண்டு. டிக்கெட் தளத்தில் ‘இராக்லியா’ என்று தேடினால் கிரீட் தீவின் ‘ஹெராக்லியான்’ முன்னால் வந்து நிற்கும். அது ஒரு பெருநகரம், வேறு திசை. இராக்லியா, ஸ்கினூசா, தொனூசா மூன்றிலும் ‘லிவாடி’ என்ற கடற்கரை இருக்கிறது. ‘மெர்சினி’ ஸ்கினூசாவில் துறைமுகம், தொனூசாவில் மலைமேல் இருக்கும் ஊர். அறைக்காரரோடு பேசும்போது தீவின் பெயரைச் சேர்த்தே சொல்லுங்கள்.

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு மெட்ரோவின் நீலத் தடம் 2022 முதல் நேராகப் போகிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரவில் மெட்ரோ இல்லாத வேளையில் எக்ஸ்96 பேருந்து உண்டு, அது இரவு பகலாக ஓடும். துறைமுகம் மிகப் பெரியது. சைக்கிளடீஸ் கப்பல்கள் வழக்கமாக மெட்ரோ நிலையத்துக்கு எதிர்ப்புறம் இருக்கும் ஈ6, ஈ7 வாசல்களில் நிற்கும். துருக்கிக் கரையை ஒட்டிய டோடெக்கனீஸ் தீவுகளின் கப்பல் ஈ1-இல், அதாவது மறு கோடியில். பையோடு நடந்தால் அரை மணி ஆகும், துறைமுகத்துக்குள் ஓடும் இலவசப் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். வாசல் எண் மாறலாம் என்பதால் கிளம்பும் நாளில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். நாக்சோஸ் கப்பல்கள் பல அதிகாலையிலேயே கிளம்பிவிடும். எனவே முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு ஏதென்ஸில் இறங்குகிறவர்கள் பிரேயஸிலேயே ஒரு இரவு தங்குவது நல்லது. கடைசி நேர டாக்சி ஓட்டம் மிச்சம்.

பகல் பயணத்துக்கு இருக்கை எண் இல்லாத டெக் டிக்கெட் போதும். தலையில் தொப்பி, தோளில் ஒரு சட்டை இருக்கட்டும், வெயிலும் காற்றும் சேர்ந்து அடிக்கும். பெரிய பையைக் கீழே வண்டி நிறுத்தும் தளத்தில், உங்கள் தீவின் பெயர் எழுதிய அடுக்கில் வையுங்கள். பாஸ்போர்ட், மருந்து, பணம் கையோடு.

இறங்கும் காட்சியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். சின்னத் தீவில் கப்பல் ஐந்து பத்து நிமிடம்தான் நிற்கும், சில நேரம் அதுவும் இல்லை. நங்கூரத்தை இறக்கி, கப்பல் அப்படியே திரும்பிப் பின்பக்கமாகத் துறையை நெருங்கும். கயிறு கட்டும் முன்பே பின்கதவு இறங்க ஆரம்பிக்கும். சங்கிலி கிறீச்சிடும் சத்தம், டீசல் வாடை, துறையில் ஊழியரின் விசில், எல்லாம் ஒரே நேரத்தில். கதவு தரையைத் தொட்டதும் இறங்குகிறவர்கள், ஏறுகிறவர்கள், காய்கறிப் பெட்டி ஏற்றிய சின்ன லாரி மூன்றும் ஒன்றையொன்று கடக்கும். அறிவிப்பு வந்த பிறகு மேல்தளத்திலிருந்து இறங்கத் தொடங்கினால் நேரம் போதாது. கால் மணி முன்பே கீழே வந்து பையோடு நில்லுங்கள். மூன்று தீவுகள் அடுத்தடுத்து வருவதால் எது எது என்று குழம்பும். கைபேசி வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு நீலப் புள்ளி எந்தத் தீவில் நிற்கிறது என்று பாருங்கள். அறிவிப்பை மட்டும் நம்பித் தப்பான தீவில் இறங்கினால் அடுத்த கப்பல் நாளைக்குத்தான்.

அறைக்காரர்கள் வழக்கமாகத் துறைக்கே வந்து நிற்பார்கள், கையில் பெயர் எழுதிய அட்டையோ, ஓரத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டியோ இருக்கும். எந்தக் கப்பலில், எந்த நாள், எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று முந்தின நாள் ஒரு செய்தி அனுப்பினால் போதும். ஸ்கினூசாவில் இது முக்கியம். ஊர் துறையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, முழுக்க ஏற்றம்.

இனி காற்று. ஜூலை, ஆகஸ்டில் ஏகியன் கடலில் ‘மெல்டெமி’ என்ற வடக்குக் காற்று நாட்கணக்கில் அடிக்கும். வானம் நீலமாக, வெயில் பளிச்சென்று இருக்கும், மழையின் அறிகுறியே இருக்காது, ஆனால் கப்பல் ஓடாது. வருகிறவர்களுக்கு இது புரிவதில்லை. துறைமுக அதிகாரிகள் காற்றின் வேகத்தைப் போஃபோர்ட் அளவில் பார்த்துத் தடை போடுவார்கள். அதை ‘அபகோரெஃப்டிகோ’ என்பார்கள், இந்த ஒரு கிரேக்கச் சொல்லையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 7 போஃபோர்ட் என்றால் 28 முதல் 33 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்), 8 என்றால் 34 முதல் 40 நாட். சின்னக் கப்பல் முதலில் நிற்கும், பெரிய கப்பல் கடைசியில்தான் நிற்கும். ஆகவே முன்னறிவிப்பில் 7 வருகிறது என்று தெரிந்தால், ஸ்கோபெலிடிஸுக்குக் காத்திராமல் முந்தின நாள் வரும் ப்ளூ ஸ்டாரில் கிளம்பிவிடுவது புத்திசாலித்தனம். முன்னறிவிப்புக்குக் கிரேக்க வானிலைத் துறையின் ஈமி தளம், ‘பொசைடன்’ கடல் முன்னறிவிப்பு இரண்டையும் பாருங்கள். கப்பல் இப்போது எங்கே வருகிறது என்பதை மரைன் டிராஃபிக் தளம் காட்டும். ஓடும் நாளிலும் குலுக்கல் இருக்கும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி முன்பே போட்டு, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்காருங்கள்.

கப்பல் ரத்தானால் உரிமை என்ன? ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதிப்படி முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம், அல்லது அடுத்த கப்பலில் இடம் கேட்கலாம். புறப்பாடு 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலும் அப்படியே. தங்கும் செலவு இரவுக்கு 80 யூரோ வரை, மூன்று இரவுகளுக்குக் கிடைக்கும் என்றும் அந்த விதியில் உண்டு. ஆனால் பாதுகாப்பைப் பாதிக்கும் வானிலை காரணமென்றால் தங்குமிடச் செலவு கிடைக்காது, நஷ்டஈடும் கிடைக்காது. மெல்டெமி அந்த விலக்கில்தான் வரும். மிஞ்சும் ஒரே பாதுகாப்பு, ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் ஜூனில் ஒரு நாளும் ஆகஸ்டில் இரண்டு நாளும் கையில் வைத்திருப்பது. அந்த நாளை ஏதென்ஸில் கழித்தாலும் சரி, நாக்சோஸில் கழித்தாலும் சரி. நாக்சோஸில் சின்ன விமான நிலையம் உண்டு என்பதால் கடல் மூடினாலும் ஒரு மாற்று வழி இருக்கும், இடம் கிடைத்தால். மே 1-ஐ ஒட்டிக் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம் வருவது வழக்கம், அந்தத் தேதியில் பயணம் வைக்காதீர்கள்.

எப்போது போவது என்றால் மே நடுவிலிருந்து ஜூன் முடிய, இல்லையென்றால் செப்டம்பர் முழுவதும். ஜூனில் மலைச் சரிவில் பச்சை மிச்சமிருக்கும், கடல் மட்டும் கொஞ்சம் குளிரும். செப்டம்பரில் கடல் வெதுவெதுப்பு, மலை காய்ந்துபோயிருக்கும். அக்டோபர் பாதிக்கு மேல் அறைகளும் உணவகங்களும் ஒவ்வொன்றாக மூடும். ஆகஸ்ட் 15 மாதா திருநாளை ஒட்டிய இரண்டு வாரம் கிரேக்கர்களே சொந்தத் தீவுக்குத் திரும்பும் காலம், தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்பேடு மாதிரி. கப்பலிலும் இடமிருக்காது, அறையும் இருக்காது. ஈஸ்டரும் அப்படித்தான். கிரேக்க ஈஸ்டர் 2027-இல் மே 2 அன்று வருகிறது.

நான்கில் எதில் தங்குவது? கூஃபோனிசியை ‘யாரும் அறியாத தீவு’ என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய கதை. ஃபினிகாஸிலிருந்து போரி வரை கடலோரமாக நடந்துபோகும் வழியும் அந்தத் தண்ணீரின் நிறமும் உண்மையிலேயே அபாரம், ஆனால் ஆகஸ்டில் அங்கே வாடகையும் கூட்டமும் பெரிய தீவுக்குச் சமம். ஜூனில் போனால் சரி. எதிரே தெரியும் கேரோஸ் தீவில் இறங்க அனுமதி கிடையாது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பளிங்குச் சிலைகள், பெரும்பாலும் உடைந்த துண்டுகளாக, கிடைத்த தொல்லியல் தளம் அது. அங்கிருந்து வந்த யாழ் மீட்டும் சிலையை ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கிளம்பும் முன் அதைப் பார்த்துவிட்டு வந்தால், கடலில் தெரியும் அந்த மொட்டைப் பாறைக்கு அர்த்தம் வரும்.

ஸ்கினூசா குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஏற்றது. ஊர் தீவின் நடுவில் மேட்டில் இருப்பதால் எந்தக் கடற்கரைக்கும் நடந்தே இறங்கிவிடலாம். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் எதிர்ப்பக்கம் ஒதுங்க ஒரு மணல்கரை உண்டு.

நடக்கப் பிடித்தவர்களுக்கு இராக்லியா. அங்கே புனித யோவான் குகை இருக்கிறது, சைக்கிளடீஸ் தீவுகளிலேயே பெரிய குகைகளில் ஒன்று. துறை ஊரான ஆயியோஸ் யோர்யோஸிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேர நடை. வழியில் நிழலே இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள காலணி, காலை எட்டுக்குள் புறப்பாடு. குகை வாயில் தாழ்வானது, தவழ்ந்துதான் நுழைய வேண்டும். முட்டி சிராய்க்கும், முழுக் கால்சட்டை போடுங்கள். தலையில் மாட்டும் விளக்கு கட்டாயம். கைபேசி வெளிச்சத்தை நம்பினால் அதைப் பிடிக்கவே ஒரு கை போய்விடும், தரையோ வழுக்கும். ஆகஸ்ட் 28 மாலை ஊரே மெழுகுவத்தியோடு அங்கே போய் வழிபாடு நடத்தும்.

தொனூசா நான்கிலும் ஒதுக்குப்புறம். துறை ஊரான ஸ்தாவ்ரோஸிலிருந்து கேத்ரோஸ் கடற்கரைக்கு இருபது நிமிட நடை. அங்கேயும் லிவாடியிலும் ஆடையில்லாமல் குளிப்பவர்கள் உண்டு. பெரியவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் தெரிந்துகொண்டு போகலாம். கூடாரம் போட்டிருப்பவர்களைப் பார்த்து நாமும் போடலாம் என்று நினைக்காதீர்கள். அனுமதிபெற்ற முகாம் தவிர வேறெங்கும் கூடாரம் போடுவது கிரேக்கம் முழுவதும் சட்டவிரோதம், அபராதம் உண்டு.

பத்து நாளுக்கு இப்படிப் பிரிக்கலாம்: ஒரு இரவு பிரேயஸ், நான்கு இரவு ஸ்கினூசா அல்லது இராக்லியா, மூன்று இரவு தொனூசா, கடைசி இரண்டு இரவு நாக்சோஸும் ஏதென்ஸும். நான்கு தீவையும் தொட்டுவிட வேண்டும் என்று இரண்டு இரண்டு இரவாக வெட்டாதீர்கள். ஒரு கப்பல் ரத்தானாலே முன்பதிவு செய்த அத்தனை அறையும் வரிசையாகச் சரியும்.

இந்தத் தடம் பிடிக்கவில்லை என்றால் டோடெக்கனீஸ் பக்கம் ஒரு நல்ல தடம் உண்டு. ‘நிசோஸ் காலிம்னோஸ்’ என்ற சின்னக் கப்பல் காலிம்னோஸ், லெரோஸ், லிப்சி, பட்மோஸ், ஆர்கி, அகதோனிசி வழியாகச் சாமோஸ் வரை போகும். லிப்சியில் தங்கி ஆர்கிக்குப் போய்வருவது சுகமான திட்டம். தனியாக ஒரே தீவு போதும் என்றால் அனாஃபி, திலோஸ் இரண்டும் நல்லவை. அனாஃபிக்குச் சாண்டோரினி வழியாகப் போக வேண்டியிருக்கும் என்பதுதான் வேடிக்கை.

சாப்பாடு பற்றிக் கவலைப்படும் சைவர்களுக்கு: கிரேக்கத் தீவுச் சமையலில் நோன்பு உணவு மரபு பலமானது. ‘ஃபாவா’ கேளுங்கள், ஸ்கினூசா அதற்குப் பெயர் போனது. பெயரைப் பார்த்து அவரை என்று நினைக்க வேண்டாம், மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, மேலே ஆலிவ் எண்ணெயும் பச்சை வெங்காயமும் போட்டுத் தருவார்கள். நம் கடைந்த பருப்பின் பங்காளி. ‘ஹோர்த்தா’ வேகவைத்த கீரை, ‘பிரியாம்’ அவனில் வாட்டிய காய்கறி, ‘ரெவிதியா’ கொண்டைக்கடலை. ‘யெமிஸ்டா’ என்ற அரிசி அடைத்த தக்காளியில் சில இடங்களில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். மீன் விலை கிலோவுக்கு எழுதியிருக்கும். உங்கள் கண் முன்னே எடை போடச் சொல்லிவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள், அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. பட்டியலில் நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் உறைபனி மீன்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், உப்பு நீக்கிய கடல்நீர் பல இடங்களில். குளிப்பதையும் சுருக்கிக்கொள்ளுங்கள். கழிப்பறைக் காகிதத்தைக் கூடையில் போடுங்கள், குழாய்கள் குறுகல், அடைத்தால் பழுது பார்ப்பவர் அடுத்த கப்பலில்தான் வரவேண்டும். பணம் எடுக்கும் இயந்திரம் இருந்தாலும் காலியாகிவிடும், தங்கும் நாட்களுக்கான பணம் நோட்டாக இருக்கட்டும். மருத்துவத்துக்கு ஒரு கிராமச் சுகாதார நிலையமும், பெரும்பாலும் கட்டாயச் சேவை ஆண்டில் இருக்கும் ஓர் இளம் மருத்துவரும் இருப்பார்கள். மருந்துக்கடையை எதிர்பார்க்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நான்கு நாள் கூடுதலாகவே எடுத்துப் போங்கள். அவசர எண் 112. மதியம் மூன்றிலிருந்து ஆறு வரை ஊர் தூங்கும், அந்த நேரத்தில் அறைக்காரர் கதவைத் தட்டாதீர்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காப்பீட்டையும் விசா நாட்களையும் திரும்பும் விமானத் தேதியோடு முடித்துவிடாமல் மூன்று நான்கு நாள் தள்ளிக் கேளுங்கள். காற்று அடித்துக் கப்பல் நின்றால், விமானத்தோடு விசாவும் தப்பிப்போகக் கூடாது.